அத்தியாயம் 11: அடிபட்ட மீனைத் தேற்றித் தீனி எடுக்க வைத்தல்

"அண்ணே, மீன் அடிபட்டுக் கிடக்குது. ரெண்டு நாளா தீனி எடுக்கல. என்ன மருந்து ஊத்தலாம்?"

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் சற்று நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவரின் பதற்றம் நியாயமானது. ஆனால் கேள்வி கடைசியிலிருந்து தொடங்குகிறது. அடிபட்ட கடல் மீனுக்குச் செய்ய வேண்டியவை நான்கு: தண்ணீர், தனிமை, தீனி, மருந்து. செய்ய வேண்டிய வரிசையும் இதுதான். தண்ணீர் கெட்ட தொட்டியில் எந்த மருந்தும் பலிக்காது. துரத்துகிற மீன் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்வரை எந்தத் தீனியும் உள்ளே இறங்காது. முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்தால், நான்காவதற்குப் பெரும்பாலும் வேலை இருக்காது.

நன்னீர்த் தொட்டி வைத்தியம் இங்கே செல்லாது

தங்க மீனுக்குச் செதில் பெயர்ந்தால் ஒரு பிடி கல் உப்பு போடுவது நம் ஊரில் பழகிய வைத்தியம். அதில் நியாயம் உண்டு. நன்னீர் மீனின் உடலில் உப்பு அதிகம், சுற்றியுள்ள தண்ணீரில் குறைவு. தோல் கிழிந்தால் அந்த வழியே வெளித் தண்ணீர் உள்ளே புகும், உடலின் உப்பு வெளியே போகும். தொட்டியில் கொஞ்சம் உப்பு சேர்த்தால் அந்த வித்தியாசம் குறைந்து மீனின் சுமை இறங்குகிறது.

கடல் மீனுக்குக் கணக்கு தலைகீழ். அதன் உடல் நீரின் உப்புச் செறிவு கடல் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே, தண்ணீருக்குள்ளேயே வாழ்ந்தாலும் அதன் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதை ஈடுகட்டக் கடல் நீரைக் குடிக்கிறது. கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. இந்த வேலைக்குத் தெம்பு வேண்டும். மேலிருக்கும் சளிப்படலமும் செதிலும் தோலும்தான் நீர் இழப்பைத் தடுக்கும் அரண். அடிபட்ட இடத்தில் அந்த அரண் உடைகிறது. அங்கிருந்து நீர் கசியக் கசிய, மீன் உள்ளுக்குள் வறண்டுபோகிறது. இந்த நிலையில் கல் உப்பைப் போடுவது இருக்கும் துன்பத்தைக் கூட்டுவதுதான். கடல் மீனுக்கு உப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எப்படி என்று பின்னால் பார்க்கலாம்.

மஞ்சள் தூளும் வேண்டாம். கடல் நீரில் எவ்வளவு போடலாம் என்பதற்கு நம்பத்தக்க அளவு கிடையாது. தூள் செவுளில் படியும், தண்ணீரும் அழுக்காகும். பாதாம் இலை ஃபைட்டர் மீனுக்கு நல்லது. அது தண்ணீரின் பி.எச். அளவை இறக்கும் தன்மையுள்ளது. கடல் தொட்டிக்கோ 8.1 முதல் 8.4 வரை வேண்டும்.

முதல் அரை மணி நேரம்

1. விளக்கை அணையுங்கள். இருட்டில் துரத்தல் நிற்கும், அடிபட்ட மீனும் ஒதுங்கி ஓயும். அறை வெளிச்சம் போதும்.

2. காற்றைக் கூட்டுங்கள். 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். கடல் நீரில் அது 7 மில்லிகிராமுக்கும் குறைவு. சூடு ஏற ஏற இன்னும் இறங்கும். அடிபட்ட மீன் வேகமாக மூச்சு வாங்கும் நேரத்தில் இது பெரிய விஷயம். ஒரு ஏர் பம்ப்பைக் கூடுதலாகப் போடுங்கள்.

3. தண்ணீரை அளந்து பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக இருக்க வேண்டும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி. ஒப்படர்த்தி 1.025 அளவில். அம்மோனியா கொஞ்சம் தெரிந்தாலும் உடனே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8.2-இல் அது ஏறக்குறைய 7 பங்காகிறது. நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அம்மோனியா, கடல் தொட்டியில் அதைச் சாய்த்துவிடும்.

4. காரணத்தைத் தேடுங்கள். ஒற்றைப் பக்கத் துடுப்பு கிழிந்திருந்தால் கடி. வயிற்றிலோ வாலடியிலோ வட்டமாகச் செதில் பெயர்ந்திருந்தால் பவர்ஹெட் உறிஞ்சியிருக்கலாம். அதன் வாய்க்குச் சல்லடை மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நேர்கோடாக ஒரு கீறல் தெரிந்தால் பாறை விளிம்பு, அல்லது இன்னொரு டேங் மீனின் வாலடி முள். வாய் வீங்கியிருந்தால் இரவில் மிரண்டு கண்ணாடியில் மோதியிருக்கும்.

மீன் துள்ளித் தரையில் விழுந்து கிடந்தால், உலர்ந்த துணியாலோ உலர்ந்த கையாலோ தொடாதீர்கள். கையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அடியில் கைகொடுத்து எடுத்து விடுங்கள். ஒட்டியிருக்கும் தூசியைத் தேய்க்க வேண்டாம், தண்ணீரே கழுவிவிடும். மீனைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டுவது பலர் செய்யும் தப்பு. தண்ணீர் வாய் வழியே புகுந்து செவுள் வழியே வெளியேறும்படி அமைந்த உடல் அது. பின்னோக்கி இழுத்தால் செவுளுக்குத்தான் கேடு. மெல்லிய நீரோட்டத்துக்கு எதிரே முகம் இருக்கும்படி வைத்தால் போதும்.

காயமா, நோயா?

காயம்போலத் தோன்றும் மூன்று நோய்கள் உண்டு. இவற்றைக் காயம் என்று நினைத்து நாலு நாள் காத்திருந்தால் மீன் மிஞ்சாது.

யூரோனீமா: குரோமிஸ், ஆந்தியாஸ் மீன்களில் அதிகம். பக்கவாட்டில் சிவந்த புண்ணாகத் தொடங்கி ஓரிரு நாளில் பரவும். சண்டையே இல்லாத தொட்டியில், புதிதாக வந்த குரோமிஸுக்குச் சிவந்த புண் வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

புரூக்ளினெல்லா: கோமாளி மீன்களில் அதிகம். தோல் சளியாக உரிந்து தொங்கும், மூச்சு வேகமாகும். கடிபட்ட தோலில் காயத்துக்கு விளிம்பு இருக்கும். இதில் விளிம்பு தெரியாமல் உடல் முழுக்க வெண்மை படர்ந்திருக்கும்.

வெண்புள்ளி: ரவை தூவியதுபோல் புள்ளிகள். அடிபட்டுச் சோர்ந்த மீனில் பின்தொடர்ந்து வருவதும் உண்டு.

காயத்தின் ஓரத்தில் வெள்ளையாகத் திரி தெரிந்தால் உடனே பூஞ்சை என்று முடிவுகட்ட வேண்டாம். கடல் மீன்களில் பூஞ்சை அரிது. பெரும்பாலும் அது செத்த தோல், இல்லையென்றால் பாக்டீரியா. கண் வீங்கியிருந்தால் ஒற்றைக் கண்ணா, இரண்டுமா என்று பாருங்கள். ஒற்றைக் கண் என்றால் பெரும்பாலும் அடி. இரண்டும் என்றால் தண்ணீரையோ உள்நோயையோ சந்தேகிக்க வேண்டும்.

உண்மையான காயங்களைக் கனத்தின்படி இப்படிப் பிரிக்கலாம். துடுப்பின் சவ்வு மட்டும் கிழிந்து அடிநரம்பு அப்படியே இருந்தால் கவலை வேண்டாம், சில வாரங்களில் வளர்ந்துவிடும். சில செதில்கள் போயிருந்தால் மேல்தோல் சில நாட்களில் மூடிக்கொள்ளும், செதில் பின்னால் வரும். சதை தெரிந்தால் தனிமை கட்டாயம். செவுள் கிழிந்தாலோ வயிறு திறந்தாலோ நிலைமை மோசம்.

தனிமை: பெட்டியா, தனித் தொட்டியா?

மீன் சுயமாக நீந்துகிறது, காயம் மேலோட்டமானது, துரத்தல் மட்டுமே தொல்லை என்றால், தொட்டிக்குள்ளேயே தொங்கவிடும் துளையிட்ட அக்ரிலிக் பெட்டி போதும். பழகிய தண்ணீர், பழகிய ஃபில்டர். மற்ற மீன்கள் தின்பதையும் பார்க்கும். இன்னும் நல்ல வழி, துரத்துகிற மீனைப் பிடித்து அந்தப் பெட்டியில் போடுவது. அடிபட்டதை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம்.

சதை தெரிகிற காயம், பரவுகிற சிவப்பு, நீந்த முடியாத நிலை, மருந்து தேவைப்படும் நிலை ஆகியவற்றுக்குத் தனித் தொட்டி வேண்டும். 40 முதல் 80 லிட்டர்வரை போதும். மணலும் பாறையும் வேண்டாம். சம்ப்பில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கூடுதலாக ஓடவிட்டு வைத்திருந்தால், அதில் நல்ல பாக்டீரியா குடியேறியிருக்கும். தேவைப்படும் நாளில் அப்படியே எடுத்துப் போடலாம். ஒளிய இடமாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாய்த் துண்டும் எல்போவும் போதும். மூன்று பக்கமும் கறுப்புச் சார்ட் தாள் ஒட்டுங்கள். மேலே வலை மூடி கட்டாயம்.

கோடையில் சென்னையிலும் மதுரையிலும் சிறு தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சில்லர் இல்லாவிட்டால் தண்ணீர்ப் பரப்பில் சிறு மின்விசிறி ஒன்றை வீசவிடுங்கள். சில டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றக்கூடாது.

பிடிக்கும்போது வலையைத் தவிருங்கள். டேங் மீனின் வாலடி முள்ளும், ஏஞ்சல், கோமாளி மீன்களின் கன்ன முட்களும் வலையில் சிக்கிக்கொள்ளும்; பிடித்து இழுத்தால் புதுக் காயம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கிண்ணத்தை மெல்லத் தாழ்த்தி, மீனைத் தண்ணீரோடு சேர்த்து மொண்டெடுங்கள். உங்கள் கைக்கும் கவனம் தேவை. ஓரா மீனுக்கும் சிங்க மீனுக்கும் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குச் சூடான, அதாவது 45 டிகிரியைத் தாண்டாத தண்ணீரில் கையை அமிழ்த்தி வையுங்கள். வலி தணியாவிட்டாலும் மூச்சு முட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீரை இளக்குதல்

தனித் தொட்டியில் ஒப்படர்த்தியை 1.025-இலிருந்து 1.019-க்கு இறக்கினால் காயம் வழியே நீர் கசிவது குறையும். செவுளின் வேலையும் குறையும். கணக்கு எளிது. 40 லிட்டர்த் தொட்டியில் 10 லிட்டரை எடுத்துவிட்டு 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் 1.019-ஐ ஒட்டி வந்துவிடும். ஒரே மூச்சில் ஊற்றாமல், ஒன்றிரண்டு நாளில் நாலைந்து தவணையாக மாற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் காரத்தன்மை இல்லாததால் பி.எச். இறங்குகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். பவளமும் இறாலும் நத்தையும் இருக்கும் பெரிய தொட்டியில் இதைச் செய்யவே கூடாது, அவை தாங்காது. சுறா, திருக்கை இனங்களுக்கும் வேண்டாம். வெண்புள்ளி நோய்க்காக 1.009வரை இறக்கும் முறை வேறு. காயத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஒப்படர்த்தியை மிதவைக் கருவியால் அளப்பதைவிட ரிஃப்ராக்டோமீட்டரால் அளப்பது நல்லது. அதையும் ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள சோதனைக் கரைசலால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் சிறியது என்பதால் அம்மோனியாவைத் தினமும் அளந்து, அதே ஒப்படர்த்தியும் அதே வெப்பமும் உள்ள புதுத் தண்ணீரால் கால் பங்கை மாற்றிக்கொண்டே இருங்கள். தனித் தொட்டியில் மீன் இறந்தால் காயத்தைவிட அம்மோனியாதான் காரணமாக இருப்பது வழக்கம்.

தீனி

முதல் நாள் தீனியே வேண்டாம். மிரண்ட மீனுக்கு முன்னால் தீனியைக் கொட்டினால் அது அழுகுமே தவிர உள்ளே போகாது. நன்றாக வளர்ந்த, கொழுத்த மீன் சில நாட்கள் பட்டினி தாங்கும். ஆந்தியாஸ், மாண்டரின் போல் நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கும் இனங்களுக்கு அவ்வளவு இருப்பு கிடையாது. எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதை நாள்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். மீனின் உடம்பைப் பாருங்கள். வயிறு ஒட்டியிருப்பது முதல் கட்டம். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை குழிந்து மேடு கூராகத் தெரிந்தால், உடம்பு தன் சதையையே கரைத்துத் தின்கிறது என்று பொருள். அதற்கு முன்பே தீனி உள்ளே போயாக வேண்டும்.

இரண்டாம் நாள், உயிருள்ள தீனியில் தொடங்குங்கள். அசைவைக் கண்டால் வேட்டைக் குணம் விழிக்கும். எளிதாகக் கிடைப்பது ஆர்ட்டீமியா. முட்டை டப்பா கடையில் வாங்கலாம். 28 டிகிரி வெப்பம், காற்று, வெளிச்சம் இருந்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். தூத்துக்குடி உப்பளங்களில் இது இயல்பாகவே வாழ்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வளர்ந்த ஆர்ட்டீமியாவும் கிடைக்கலாம். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். குஞ்சின் உடலில் உள்ள மஞ்சள்கருதான் சத்து. அது ஒரு நாளில் தீர்ந்துவிடும். பொரித்ததும் சல்லடையில் வடித்து அலசிவிட்டுப் போடுங்கள். முட்டை ஓடு சேரக்கூடாது.

அடுத்து, உறைந்த மைசிஸ். கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் உருக்கி, வடித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். உருகிய சாறு தண்ணீரைக் கெடுக்கும். மீன் சந்தையில் வாங்கும் இறாலும் கணவாயும் மட்டிச் சதையும் நல்ல தீனிதான். ஆனால் பனிக்கட்டியில் புதிதாக இருப்பதையே வாங்குங்கள். ஃப்ரீசரில் சில நாள் வைத்து, பொடியாக நறுக்கிக் கொடுங்கள். உறையவைத்தால் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் சாகும், வைரஸ் சாகாது. இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸ் சந்தை இறால் வழியாக வரக்கூடும் என்பதால், தொட்டியில் இறால் வளர்ப்பவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. மத்தி போன்ற மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அவற்றிலுள்ள நொதி ஒன்று வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். ஒன்றையே கட்டிக்கொண்டு அழாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ட்யூபிஃபெக்ஸ் புழுவும் மாட்டு இதயமும் வேண்டாம். கடல் மீனின் கல்லீரலுக்கு அந்தக் கொழுப்பு ஒத்துவராது.

டேங் போன்ற தாவரம் தின்னும் மீனுக்குப் பாசி வேண்டும். சுஷிக்கு விற்கும் நோரித் தாளில் எண்ணெயும் உப்பும் மசாலாவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு விரல் அகலம் கிழித்துக் கிளிப்பில் மாட்டி, மீன் ஒளியும் குழாய்க்கு அருகே தொங்கவிடுங்கள். ராமேசுவரம், மண்டபம் பக்கம் கிடைக்கும் கஞ்சிப்பாசியும் நல்லது. கழுவிக் கொடுக்க வேண்டும். தீனியில் பூண்டுச் சாறு இரண்டு சொட்டு விட்டால் வாசனைக்குச் சில மீன் வாய் திறக்கும். அதைக் காயத்துக்கு மருந்து என்று நம்பாதீர்கள். தோல் வளர வைட்டமின் சி தேவை. தீனி எடுக்கத் தொடங்கியதும் திரவ வைட்டமினில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

கொடுக்கும் முறை: நீரோட்டத்தைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நீண்ட பைப்பெட்டில் ஒரு சிட்டிகை எடுத்து, மீனின் முகத்துக்குச் சற்று முன்னால், ஓரமாக விடுங்கள், முகத்தில் அடிக்காதீர்கள். பிறகு இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். இருபது நிமிடத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஒரு நாளில் நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்.

தேறிவரும் மீன் படிப்படியாகத்தான் தீனிக்குத் திரும்பும்:

- தீனி விழும் பக்கம் கண்ணை உருட்டிப் பார்க்கும்.
- ஓர் அங்குலம் முன்னால் வந்து நிற்கும்.
- கவ்வும், துப்பும்.
- விழுங்கும்.
- ஆளைக் கண்டாலே முன்கண்ணாடிக்கு வரும்.

கண் அசையாத மீனிடம் தீனியை மாற்றிப் பயனில்லை. முதல் இரண்டு வேலையை, அதாவது தண்ணீரையும் தனிமையையும், மறுபடி சரிபாருங்கள். கவ்வித் துப்பினால் நல்ல அறிகுறி, துண்டைச் சிறிதாக்குங்கள். நாலைந்து நாளாகியும் ஒவ்வொன்றையும் துப்பினால் வாயிலோ தொண்டையிலோ காயம் இருக்கலாம். மென்மையான ஆர்ட்டீமியாவையே தொடருங்கள். பட்டினி கிடந்த மீனின் கழிவு வெள்ளை நூலாக வருவது உண்டு. அதை மட்டும் வைத்துக் குடற்புழு என்று முடிவுகட்டாதீர்கள். குழாய் வழியாக வலுக்கட்டாயமாக ஊட்டுவது பெரிய மீன்களுக்கு, மீன் மருத்துவம் தெரிந்தவர் கையால் மட்டும் நடக்க வேண்டியது.

மருந்து எப்போது?

காயத்தின் ஓரம் சிவந்து அகலமாகிறது, சாம்பல் நிறப் படலம் படர்கிறது, புண் குழிகிறது: இவற்றில் ஏதாவது ஒன்று ஒரு நாள் இடைவெளியில் கூடியிருந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது. கடல் மீன்களில் அடிக்கடி மாட்டுவது விப்ரியோ வகை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் மொபைலில் படம் எடுத்து ஒப்பிட்டால் பரவுகிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ மீன்வளக் கல்லூரியிலோ கேட்டுத் தொடங்குங்கள். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் உள்ளது. வீட்டில் மிஞ்சிய மனித மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். தொடங்கினால் முழுத் தவணையும் முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மருந்து போடும்போது கார்பனை எடுத்துவிடுங்கள். மருந்து நல்ல பாக்டீரியாவையும் தாக்கும் என்பதால் அம்மோனியாவை இன்னும் அடிக்கடி அளக்க வேண்டும்.

தாமிர மருந்து வெண்புள்ளிக்கானது. காயத்துக்குப் போட்டால் உள்ள பசியையும் கெடுக்கும். எந்த மருந்தையும் பவளமுள்ள பெரிய தொட்டியில் ஊற்றக்கூடாது. மீனைத் தினமும் வெளியே எடுத்து அயோடின் தடவுவதும் வேண்டாம். தடவுவதால் வரும் நன்மையைவிடப் பிடிப்பதால் வரும் சேதம் அதிகம்.

ஒரு மாதிரி: பவுடர் புளூ டேங்

இந்தியப் பெருங்கடலின் மீன் இது. இலங்கை, மாலத்தீவுக் கடலிலும் உண்டு. அழகு அதிகம், பொறுமை குறைவு. பழைய டேங் ஒன்று இருக்கும் தொட்டியில் புதிதாக விட்டால் அன்றே சண்டை. வாலடி முள்ளால் விலாவில் கீறல் வாங்கி, வால் துடுப்பு கிழிந்து, தனித் தொட்டிக்கு வந்த ஒரு பவுடர் புளூவின் போக்கு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

முதல் நாள்: எல்போவுக்குள் உடலைச் சாய்த்து நிற்கும். நீலம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். செவுள் மூடி அடிப்பதை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துவையுங்கள். இனி வரும் நாட்களில் இந்த எண் குறைந்துகொண்டே வர வேண்டும். விளக்கும் இல்லை, தீனியும் இல்லை.

இரண்டாம், மூன்றாம் நாள்: ஒப்படர்த்தி 1.019. ஆர்ட்டீமியாவை விட்டால் கண் மட்டும் சுழலும். கீறலின் மேல் மெல்லிய வெண்மை படரும். விளிம்பு சிவக்காமல், பரப்பு விரியாமல் இருந்தால் அது புதுத் தோல்; கைவைக்காதீர்கள்.

நான்காம், ஐந்தாம் நாள்: நீலம் திரும்பத் தொடங்கும். நோரியை ஒரு கடி கடித்து உதறிவிட்டு ஓடும். ஆள் நகர்ந்ததும் திரும்பி வந்து இன்னொரு கடி கடிக்கும். தாளின் ஓரத்தில் சிறு சிறு அரைவட்டக் கடித்தடங்கள் தெரியும். தின்பதைக் கண்ணால் காணாவிட்டாலும் அந்தத் தடங்களே சாட்சி.

ஒரு வாரத்துக்குப் பின்: மைசிஸும் நோரியும் மாறி மாறி. கிழிந்த வாலில் நிறமற்ற, கண்ணாடிபோன்ற புதுச் சவ்வு முளைக்கும். அதற்கு நிறம் ஏறச் சில வாரமாகும்.

வீட்டுத் தொட்டிக்குத் திரும்புதல்

காயம் மூடி, ஒரு வாரம் தொடர்ந்து தீனி எடுத்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஒப்படர்த்தியை இறக்கும்போது மீன் ஓரளவு வேகத்தைத் தாங்கும், ஏற்றும்போது தாங்காது. ஒரு நாளுக்கு 0.001 முதல் 0.002வரை மட்டும் ஏற்றுங்கள். 1.019-இலிருந்து 1.025-க்கு வர மூன்று முதல் ஆறு நாள் ஆகும்.

மீனை விடுவதற்கு முன் பெரிய தொட்டியின் பாறைகளைச் சற்று இடம் மாற்றி வையுங்கள். பழைய மீனுக்கும் எல்லைக்கோடு கலைந்துவிடும். திரும்புகிற மீனைச் சில நாள் துளைப்பெட்டியில் வைத்து முகம் காட்டுங்கள். பெட்டியின் சுவரில் பழைய மீன் மோதுவது நின்ற பிறகு, எல்லாவற்றுக்கும் தீனி போட்டுவிட்டு, விளக்கணையும் நேரத்தில் திறந்துவிடுங்கள். மறுபடியும் அதே மீன் அதே வேகத்தில் துரத்தினால், அந்த இரண்டும் ஒரே தொட்டியில் வாழாது. ஒன்றைக் கடைக்கோ நண்பருக்கோ கொடுத்துவிடுவதே நேர்மையான முடிவு. கடலில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியின் நோய்களும் அதோடு போகும்.

மீள வழியில்லாத நிலை

செவுள் சிதைந்து, பக்கவாட்டில் சாய்ந்தபடியே, தொட்டாலும் அசையாமல் நாட்கணக்கில் கிடக்கும் மீனை இழுத்துவைத்திருப்பது கருணையாகாது. கிராம்பு எண்ணெயை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் குலுக்கிக் கரைத்து, மீன் இருக்கும் தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு 0.4 மில்லி என்ற அளவுவரை மெல்ல மெல்லச் சேர்த்தால், மீன் மயங்கி அப்படியே அடங்கும். செவுள் அசைவு நின்ற பின்னும் அரை மணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே விடுங்கள். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும், நன்னீரில் போடுவதும், கழிப்பறையில் ஊற்றுவதும் கொடுமை.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

- மூடியுடன் 40 லிட்டர்த் தொட்டி, ஹீட்டர், ஏர் பம்ப், மின்தடைக்குப் பேட்டரி ஏர் பம்ப்
- சம்ப்பில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்
- பி.வி.சி. எல்போ, கறுப்புத் தாள், துளைப்பெட்டி, பிளாஸ்டிக் கிண்ணம், பைப்பெட்
- அம்மோனியா சோதனைப் பெட்டி, ரிஃப்ராக்டோமீட்டர்
- 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், 20 லிட்டர் கரைத்துவைத்த உப்புத் தண்ணீர்
- ஆர்ட்டீமியா முட்டை, உறைந்த மைசிஸ், நோரி

இந்தப் பட்டியலில் மருந்து இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மருந்தைத் தேவைப்படும் அன்று கேட்டறிந்து வாங்கலாம். பழுத்த ஸ்பாஞ்ச் ஃபில்டரை அன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது தயாராக வாரக்கணக்கில் ஆகும். ஆகவே அடுத்த மீனுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இந்தப் பட்டியலில் உள்ளவற்றை வாங்குங்கள். மீனை அப்புறம் வாங்கலாம்.